பெருவிரல் முடிச்சு

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அந்தப் பாதையை நான் தயங்காமல் சொல்வேன். ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. ஒரு பக்கம் ஓடை, மறுபக்கம் செம்பாறைச் சுவர்; நடுவில் தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துக்கூடத் தள்ளிக்கொண்டு போகலாம். தொடக்கத்தில் நட்டிருக்கும் பலகையிலேயே 'சுலபம்' என்று எழுதியிருக்கிறார்கள். மெல்பேர்னிலிருந்து வெகுதூரம் கார் ஓட்டவேண்டும் என்பதுதான் ஒரு குறை. அடிலெய்டைத் தாண்டி வடக்கே போகப் போக மரங்கள் குறைந்து, மண் சிவந்து, கடைசியில் வானத்தையும் பாறையையும் தவிர வேறொன்றும் மிஞ்சுவதில்லை. அந்த வறட்சிக்குள் ஓர் ஓடை இருப்பதே அதிசயம். இங்கே குளிர்காலமான யூலை மாதத்தில் போனால் அங்கங்கே தண்ணீரும் தேங்கி நிற்கும்.

தமிழிலேயே சொல்லலாம் என்றீர்கள், நன்றி. தொலைபேசியில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுப் பிள்ளை போலிருக்கிறது. என் யாழ்ப்பாணத் தமிழ் அவருக்குச் சில இடங்களில் இடறலாம். மெதுவாகவே சொல்கிறேன். எனக்கு இப்போது அவசரம் ஒன்றும் இல்லை.

என் பெயர் வரதராஜா. மெல்பேர்னில் கிளென் வேவர்லியில் இருக்கிறேன். கார் உதிரிப்பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் ஓய்வு பெறும்வரை ஒரே இயந்திரத்தின் முன்னால் நின்றேன். அங்கே என்னை 'ராஜ்' என்பார்கள். பக்கத்து இயந்திரத்தில் நின்ற பஞ்சாபிக்காரரும் அவர்களுக்கு 'ராஜ்'தான். அதைப் பற்றி எனக்குக் கவலை இருந்ததில்லை. ஏனென்றால் எங்கள் ஆட்களுக்குள் ஒரு சாவு விழுந்தால் முதல் அழைப்பு வைத்தியருக்குப் போகும், இரண்டாவது அழைப்பு எனக்கு வரும்.

நாங்கள் இங்கே வந்த புதிதில் ஒருவர் இறந்துபோனார். கழுத்துப்பட்டி கட்டி, சப்பாத்துப் போட்டு, கலியாண மாப்பிள்ளை கோலத்தில் அவரைப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். சுற்றி நின்ற படித்தவர்கள் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான்தான் முன்னுக்குப் போய்ச் சப்பாத்தைக் கழற்றினேன். தலையைத் தெற்கே வைக்கச் சொன்னேன். தாடையைத் துணியால் கட்டி, கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டினேன். ஊரில் என் தகப்பனார் செய்ததைப் பார்த்த பழக்கம்தான். அன்று முதல் நான் 'வரதர்' ஆனேன். டாக்டர், எஞ்சினியர், வக்கீல், யாராக இருந்தாலும் அந்த ஒரு நாள் நான் நில் என்றால் நிற்பார்கள், அழு என்றால் அழுவார்கள். கொடி கட்டிப் பறந்தேன் என்றே சொல்லலாம்.

பெருவிரல் கட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். அது பின்னால் உங்களுக்குத் தேவைப்படும். எல்லாரும் கட்டுவது சாதாரண முடிச்சு. உடம்பு விறைத்து இளகும்போது அது நெகிழ்ந்துவிடும். கால் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் சரியும், பார்க்கச் சகிக்காது. என்னுடையது விரல்களுக்கு நடுவில் புகுந்து குறுக்கே மாறி, நுனி அடிப்பக்கம் போய் ஒளிந்துகொள்ளும். முடிச்சு இருப்பதே வெளியே தெரியாது. நான் கட்டியது ஒருநாளும் நெகிழ்ந்ததில்லை.

இனிக் கஜீவனைப் பற்றி. அவன்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். கணினி வேலை, நல்ல குணம், பெரியவர்களைக் கண்டால் எழும்பி நிற்கும் பிள்ளை. அவன் மனைவி தாரிணியின் தகப்பனாருக்கு நான்தான் எல்லாம் செய்தேன். அதன் பிறகு ஒருநாள் வீட்டுக்கு வந்தான்.

"அங்கிள், உங்களுக்குப் பிறகு இதுகள் ஒருத்தருக்கும் தெரியாமல் போயிடும். ஒரு வீடியோவா எடுத்து வைப்பம். நீங்கள் செய்து காட்டுங்கோ, நான் எடுக்கிறன்" என்றான்.

எனக்குப் பெருமையாக இருந்தது. புது வேட்டி கட்டிக்கொண்டு, தலையணையைப் பிணமாக வைத்து, எல்லாவற்றையும் செய்து காட்டினேன். வாய்க்கரிசி எப்படிப் போடுவது, சுண்ணம் எப்படி இடிப்பது, பேரப்பிள்ளைகள் பந்தத்தை எந்தக் கையில் பிடிப்பது. எல்லாம் காட்டினேன். பெருவிரல் கட்டு வந்தபோது மட்டும் சாதாரண முடிச்சைப் போட்டேன். ஏன் என்று கேட்டால், அப்போது எனக்கே தெரியாது. கை அப்படிச் செய்தது.

வீடியோ நன்றாக வந்திருந்தது. ஊரெல்லாம் பார்த்தார்கள், பாராட்டினார்கள். அதோடு என் தொலைபேசி அடிப்பது நின்றுபோனது. செத்தவீடுகள் நிற்கவில்லை. கஜீவன் கைபேசியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு நின்று நடத்துவானாம். நேரத்துக்குத் தொடங்கி நேரத்துக்கு முடிந்துவிடுமாம். வெள்ளைக்கார மண்டபக்காரர்களுக்கும் நல்ல சந்தோஷமாம்.

பிறகு கணேசலிங்கம் போனான். என்னோடு சீட்டு விளையாடிய சிநேகிதன். செய்தி கேட்டதும் வேட்டியை ஸ்திரிக்கை போட்டு வைத்துவிட்டுக் காத்திருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. நானாகத்தான் போனேன். பெட்டிக்குள் பார்த்தால் கட்டு நெகிழ்ந்து, அவன் இடது கால் வெளிப்பக்கமாகச் சரிந்து கிடந்தது. உயிரோடு இருந்தபோது நாலு பேருக்கு முன்னால் கால் நீட்டி உட்காராத மனிதன் அவன். நான் குனிந்து சரிசெய்யப் போனேன். கஜீவன் என் முழங்கையை மெல்லப் பிடித்தான்.

"நீங்கள் இருங்கோ அங்கிள், களைச்சுப் போவியள். மிச்சத்தை நாங்கள் பாக்கிறம். ஆராவது அங்கிளுக்கு ஒரு கதிரை எடுத்து வாங்கோ."

கதிரை வந்தது. உட்கார்ந்தேன். கதிரையில் உட்கார்ந்தால் பெட்டி தெரியாது. நிற்பவர்களின் முதுகுதான் தெரியும். எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் லிங்கத்துக்காக அழுகிறேன் என்று நினைத்து என் முதுகைத் தடவிவிட்டார்கள். நான் லிங்கத்துக்காக அழவில்லை.

சுற்றுலா யாருடைய யோசனை என்று கேட்டீர்கள். என்னுடையது. பள்ளி விடுமுறையில் அவர்களுடைய பிள்ளைகள் முகாமுக்குப் போயிருந்தார்கள். நானும் என் மனைவி சந்திரவதனாவும், கஜீவனும் தாரிணியும், நாலு பேராக ஒரே காரில் போவோம் என்றேன். கஜீவனுக்குச் சந்தோஷம். கணேசலிங்கத்தின் செத்தவீட்டுக்குப் பிறகு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று அவனுக்கு உறுத்தல் இருந்திருக்கிறது. பாதையையும் நான்தான் தேர்ந்தெடுத்தேன். சந்திரவதனாவின் முழங்காலை மனதில் வைத்துத்தான் என்று எல்லாரிடமும் சொன்னேன். அதிலும் ஓரளவு உண்மை இருந்தது.

அன்று காலை நல்ல குளிர். புல்லில் வெண்பனி இருந்தது. சந்திரவதனா கொஞ்சத் தூரம் நடந்துவிட்டு, வெயில் ஏறட்டும், பிறகு வருகிறேன் என்று கார் நிறுத்துமிடத்து மேசையில் உட்கார்ந்துவிட்டாள். தாரிணி துணைக்கு இருந்தாள். இடியப்பமும் சொதியும் சூடாக்கி வைக்கிறோம், போய் வாருங்கள் என்று எங்கள் இருவரையும் அனுப்பினார்கள்.

அழகான இடம், அதை மறுக்கமாட்டேன். ஓடைக் கரையில் வெள்ளை வெள்ளையாக யூக்கலிப்டஸ் மரங்கள், அவற்றின் கொப்பெல்லாம் கொரல்லாக் கிளிகள். சூரியன் ஏற ஏறப் பாறைச் சுவர் மேலிருந்து கீழாகச் சிவந்துகொண்டே வந்தது. ஒரு குட்டிக் கங்காரு எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் புல்லைத் தின்னத் தொடங்கியது. கஜீவன் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தான். குறுக்கே கல் கிடக்கும் இடங்களில் எனக்குக் கை கொடுத்தான். ஒவ்வொரு முறையும் நான் அந்தக் கையைப் பிடித்தேன்.

மூன்றாவது வளைவில் பாறை வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அதன் கீழே ஆழமான தண்ணீர்க் குட்டை. அங்கே வைத்துத்தான் கேட்டான்.

"அங்கிள், கோவியாதேங்கோ. தாரிணியின்ர அப்பாவுக்கு நீங்கள் கட்டின கட்டு வேற, வீடியோவில கட்டினது வேற எண்டு அவள் சொல்லுறாள். அவள் காலடியில இருந்து பாத்தவள். அதையும் ஒருக்கா எனக்குக் காட்டித் தருவியளோ?"

"அதுக்கென்ன தம்பி, காட்டுறன்" என்றேன்.

அவன் முகம் மலர்ந்தது. பிறகு கீழே பார்த்தான். என் சப்பாத்துக் கயிறு அவிழ்ந்து மண்ணில் இழுபட்டுக்கொண்டிருந்தது.

"பொறுங்கோ அங்கிள், விழுந்திடுவியள். நான் கட்டிவிடுறன்" என்று சொல்லி, என் காலடியில் ஒரு முழங்காலை ஊன்றிக் குனிந்தான்.

கயிறு தானாக அவிழவில்லை. அதற்கு முந்திய வளைவில், அவன் கங்காருவைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது நான் அவிழ்த்துவிட்டிருந்தேன். கல்லும் அங்கே எடுத்ததுதான். மாங்காய் அளவு, ஒரு பக்கம் கூர். குளிராக இருந்ததால் கையை மேலங்கிப் பைக்குள் வைத்திருந்தேன். அதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை.

முதல் அடி பின்மண்டையில் விழுந்தது. அவன் என் இரண்டு கால்களையும் கட்டிப் பிடித்துக்கொண்டான். அதை நான் எதிர்பார்க்கவில்லை, கொஞ்சம் தடுமாறிவிட்டேன். இரண்டாவது அடி காதுக்கு மேலே விழுந்தது. பிடி விட்டது. மண்ணில் முகம்பட விழுந்து, விரல்களால் மணலைப் பிறாண்டினான். மூன்றாவது அடி தேவையாக இருக்கவில்லை. அது கணேசலிங்கத்தின் இடது காலுக்காக. சத்தம் பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. கிளிகள் எல்லாம் ஒருமுறை எழும்பிப் பறந்து, மறுபடி அதே மரத்தில் வந்து உட்கார்ந்தன. கல்லைக் குட்டைக்குள் போட்டேன்.

படம் எடுக்கப் பாறையில் ஏறியவன் வழுக்கி விழுந்தான் என்பதுதான் என் திட்டம். அப்படி விழுந்தவன் கோணல்மாணலாக, சப்பாத்தோடு கிடக்கவேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அவனை அந்தக் கோலத்தில் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். மனம் கேட்கவில்லை. நானே பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து அவனைக் கண்டுபிடிப்பேன், அப்போது செய்ததாகச் சொல்லிவிடலாம் என்று யோசித்தேன். நியாயமான யோசனைதான். கக்கத்தில் கை கொடுத்து இழுத்து, தலையைத் தெற்கே திருப்பினேன். சப்பாத்தைக் கழற்றி, காலுறைகளை உள்ளே மடித்து வைத்து, ஓரமாகச் சேர்த்து வைத்தேன். அவனுடைய சப்பாத்துக் கயிற்றை உருவிப் பெருவிரல்களைக் கட்டினேன். வாயில் தண்ணீர் விட்டேன். ஒரு தேவாரம் பாடினேன். அந்தப் பாறைக்குள் குரல் நன்றாக எடுத்தது.

பிறகு குட்டையில் இறங்கித் தலைமுழுகினேன்.

இரத்தத்தைக் கழுவத்தானே என்று கேட்கிறீர்கள். இரத்தம் கையிலும் சப்பாத்திலும்தான் இருந்தது. நான் முழுகியது துடக்குக்காக.

மொழிபெயர்ப்பாளர் இங்கே நிறுத்தி, "துடக்குன்னா, தீட்டுங்களா ஐயா?" என்று கேட்கிறார். ஓம் பிள்ளை, தீட்டுத்தான். சாவு நடந்த இடத்திலிருந்து வருபவன் தலைமுழுகாமல் வீட்டுக்குள் கால் வைக்கமாட்டான், ஒரு வாய் சாப்பிடமாட்டான். அதை இந்த அதிகாரிக்கு நீங்கள் விளக்கிச் சொல்லுங்கள். அந்தக் குளிரில் வேறு எவரும் அந்தத் தண்ணீரில் விரல்கூட வைக்கமாட்டார்கள்.

ஈரத்தோடு திரும்பி வந்தேன். பல் கிட்டிப்போய் இருந்தது. கஜீவன் படம் எடுக்கப் பாறையில் ஏறினான், பிறகு வருவான், நான் வழுக்கித் தண்ணீருக்குள் விழுந்துவிட்டேன் என்றேன். தாரிணி ஓடிப்போய் போர்வை எடுத்து வந்தாள். தட்டில் இடியப்பம் வைத்து நீட்டினாள். தட்டையும் என் ஈர உடுப்பையும் பார்த்தேன். அந்தத் துடக்கோடு அதில் என்னால் வாய் வைக்க முடியவில்லை. முழுகினாலும் உடுப்பு மாற்றும்வரை துடக்குப் போகாது. வேண்டாம் பிள்ளை, முதலில் மாற்றுடுப்பு வேண்டும் என்றேன்.

சந்திரவதனா அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். எத்தனையோ செத்தவீடுகளிலிருந்து இதே கோலத்தில் நான் வந்து வாசலில் நின்றதைக் கண்டவள். வழக்கமாகக் கேட்பதையே கேட்டாள்.

"என்னங்கோ, ஆர் செத்தது?"

தாரிணி சிரித்தாள். நானும் சிரித்தேன். சந்திரவதனா சிரிக்கவில்லை. தன் வாயிலிருந்து வந்த கேள்வி அப்போதுதான் அவள் காதிலேயே விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன். அகப்பையை மெல்ல மேசையில் வைத்தாள்.

நான் உடுப்பு மாற்றி, இனிப் போய்த் தேடுவோம் என்று சொல்வதற்குள், பாதையின் மறுபக்கத்திலிருந்து நடந்து வந்த ஒரு வெள்ளைக்காரச் சோடி அவனைக் கண்டுவிட்டது. நான் கண்டுபிடிக்கவேண்டியதை அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அவர்கள் போட்ட கூச்சல் கேட்டு நாங்கள் ஓடிப்போனபோது அந்தப் பெண் தன் மேலங்கியால் அவன் முகத்தை மூடியிருந்தாள். தாரிணி முகத்துக்குப் போகவில்லை. காலடியில் விழுந்தாள். பெருவிரல்களைப் பார்த்தாள். அழுகை நின்றுபோய், தலையை உயர்த்தி என் ஈரத் தலையைப் பார்த்தாள்.

"இது வரதர் அங்கிள்ட கட்டு" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

உண்மையைச் சொன்னால், அந்தக் கணத்தில் எனக்குப் பயம் வரவில்லை. பார்த்ததும் அடையாளம் கண்டாளே என்று ஒரு சந்தோஷம்தான் வந்தது.

கார் டிக்கிக்குள் இருந்த பையைச் சந்திரவதனாதான் உங்களிடம் தந்தாள் என்று அறிகிறேன். அவளைக் குறை சொல்லமாட்டேன். சுண்ணம் இடிக்கும் சிறிய உரல், உலக்கை, வாய்க்கரிசிச் செம்பு, ஸ்திரிக்கை போட்ட வேட்டி இரண்டு. விடுமுறைக்குப் போகிறவன் இதை ஏன் கொண்டு போனான் என்று கேட்டீர்கள். யோசித்துப் பாருங்கள். கஜீவனுக்கு யார் செய்வது? செய்யத் தெரிந்தவன் பெட்டிக்குள் இருப்பான். அவர்கள் என்னைக் கூப்பிட்டுத்தானே ஆகவேண்டும். ஒரு வேட்டி நனைந்தால் மாற்ற மற்றது.

இனி நீங்கள் மேசையில் வைத்திருக்கும் படம். பெருவிரல்கள் இரண்டும் கயிறு பட்ட இடத்தில் வீங்கிக் கறுத்திருக்கின்றன. செத்த உடம்பு அப்படிக் கன்றாது, இரத்தம் ஓடுகிற உடம்புதான் கன்றும் என்று உங்கள் வைத்தியர் எழுதியிருக்கிறார். அப்போதே தூக்கிக்கொண்டு ஓடியிருந்தால் பிழைத்திருக்கவும் கூடும் என்கிறார். கட்டும்போது அவன் உயிரோடு இருந்தது எனக்குத் தெரியுமா என்பது உங்கள் கேள்வி.

தெரியும்.

கண் திறந்திருந்தது. இழுத்துப் படுக்க வைத்தபோது "அங்கிள்" என்றான். பிறகு "தண்ணி" என்றான். அதனால்தான் வாயில் தண்ணீர் விட்டேன். மகன் செய்யவேண்டியது, ஆனால் மகன் முகாமில் இருந்தான். சப்பாத்தைக் கழற்றும்போது காலை இழுத்துக்கொண்டான். நான் அவன் முழங்காலில் ஏறி உட்கார்ந்தேன். காட்டித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன் அல்லவா. அவன் தலைக்குக் கீழே என் தொப்பியை மடித்து வைத்து, கால் தெரியும்படி உயர்த்தினேன். அவனுக்கு மறைக்காமல் பக்கவாட்டில் இருந்து மெதுவாகக் கட்டினேன். இப்படி நடுவில் எடுக்கவேண்டும், இப்படிக் குறுக்கே மாற்றவேண்டும், நுனியை இப்படி அடியில் ஒளிக்கவேண்டும். "விளங்கிச்சுதோ தம்பி?" என்று கேட்டேன். அவன் கண் என் கையிலேயே இருந்தது. அவ்வளவு கவனமாக என்னிடம் யாரும் கற்றதில்லை. அதன் பிறகு நெடுநேரம் மூச்சு வந்து போனது. தேவாரம் முடியும்வரைகூட இருந்தது. நான் பக்கத்திலேயே இருந்தேன். தனியே விடவில்லை.

கையெழுத்துப் போடுகிறேன். ஒரேயொரு வேண்டுகோள் உண்டு. இந்தக் கிழமை உடலைத் தாரிணியிடம் கொடுக்கப் போகிறீர்களாம். உங்கள் வைத்தியர் கயிற்றை வெட்டி எடுத்துவிட்டார். அந்தப் பிள்ளை வேறு வழியில்லாமல் வீடியோவைப் பார்த்துத்தான் கட்டுவாள். அதில் இருப்பது சரியான கட்டு இல்லை, நெகிழ்ந்துவிடும். அவ்வளவு பேருக்கு முன்னால் அவன் கால் சரிந்து கிடக்கும். பாவம். இரண்டு பொலிஸ்காரரோடு என்னை மண்டபத்துக்குக் கூட்டிப் போங்கள். விலங்கு மாட்டினாலும் பரவாயில்லை, விரல் அசைந்தால் போதும். கதிரை ஒன்றும் போடவேண்டாம் என்று அவர்களிடம் சொல்லிவிடுங்கள். நான் நின்றுகொண்டே செய்வேன்.